வைக்கோல் வாடை

வீட்டை இரண்டாக்கிச் சுவர் எழுப்பிய பிறகு மூத்தவளும் அவள் ஓரகத்தியும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. மூத்தவளின் கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகளும் கல்யாணமாகித் தொலைதூரம் போய்விட்டாள். மிஞ்சியது ஒரு கறவை மாடு. மழை பொய்த்த அந்த வருஷம் பசும்புல் கண்ணில் படவில்லை. வெறும் வைக்கோலைத் தின்று மாடு எலும்பும் தோலுமானது.

"யூரியாவைத் தண்ணியில கரைச்சு வைக்கோல் மேல தெளிங்கம்மா. காத்துப் புகாம மூணு வாரம் மூடி வெச்சா மெத்துனு ஆயிடும், மாட்டுக்கு நல்லா செரிக்கும்" என்றார் மாட்டு டாக்டர். அளவையும் சொன்னார். "ஒருத்தர் தெளிக்க, ஒருத்தர் மிதிக்கணும்."

இன்னொருத்தருக்கு அவள் எங்கே போவாள்? ஓர் அடுக்குத் தெளித்துவிட்டு, பூவாளியைக் கீழே வைத்து, தானே ஏறி மிதித்தாள். சுவருக்கு அப்பால் ஓரகத்தி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கூப்பிட வாய் வரவில்லை. தார்ப்பாயைப் போர்த்தி, ஓரமெல்லாம் மண் அணைத்து முடித்தபோது இடுப்பு விட்டுப்போயிற்று.

மூன்று வாரம் கழித்துத் தார்ப்பாயை விலக்கினாள். குப்பென்று கிளம்பிய நெடி கண்ணைக் கரித்தது; சுவரையும் தாண்டியது.

"ஏ கோழி! சில பேரு வீட்டுல என்னத்த அழுக வெச்சாங்களோ, மூக்கை வெச்சுக்கிட்டு குடியிருக்க முடியல" என்று ஓரகத்தி தன் கோழியிடம் ஜாடை பேசினாள்.

மூத்தவளுக்குக் கோபம் வரவில்லை. எத்தனை மாதமாயிற்று, தன்னை நினைத்து ஒருத்தி வாய் திறந்து! வைக்கோலை உதறி ஆறப்போட்டபடியே தன் மாட்டிடம் சத்தமாகச் சொன்னாள்: "அழுகல் இல்லடி, யூரியா வைக்கோல். கொஞ்ச நேரத்துல வாடை போயிடும்னு சொல்லு."

முதல் நாள் மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தவிடு தூவினாள். மெல்லப் பழகி, பிறகு தொட்டியையே நக்கித் துடைத்தது. விலாவில் சதை பிடித்தது, பாலும் ஏறியது.

ஒரு காலை மறுபடி குரல். "ஏ கோழி, நம்ம மாடும்தான் குச்சியா நிக்குது. எவ்வளவு யூரியானு யாரைக் கேக்குறது?"

"நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ. தண்ணி அம்பது லிட்டர்" என்று மூத்தவள் மாட்டுக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கொஞ்சம் தயங்கி, "மிதிக்க ஆள் வேணும்னா நான் வர்றேன்னும் சொல்லு" என்றாள்.

மறுநாள் அந்தப் பக்கம் வைக்கோலை மிதித்த கொழுந்தன் வழுக்கி விழுந்தான் போல. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சிரித்தார்கள். இவளுக்கும் சிரிப்பு வந்தது. சத்தம் போகாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு பால் கறக்கப் போனாள்.