சந்தன மரத்தில் ஒரு துளை

காலையில் வாசல் பெருக்கப் போன வெங்கடம்மாள், சந்தன மரத்தடியில் மஞ்சள் நிற மரத்தூள் சிந்திக் கிடப்பதைப் பார்த்தாள். தண்டில், நெஞ்சு உயரத்தில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. முகத்தைக் கிட்டே கொண்டுபோனதும் மணத்தது. இத்தனை வருடத்தில் அந்த மரம் ஒருநாளும் மணத்ததில்லை. வெளிறிப் பூத்துக் கருஞ்சிவப்பாக மாறும் அதன் சின்னப் பூவுக்குக்கூட வாசம் கிடையாது.

யாரும் நட்ட மரமில்லை. கணபதிப் பகுதியில் வெங்கடம்மாளும் கணவரும் வீடு கட்டிய புதிதில், பறவை எச்சத்தில் விழுந்த விதை கறிவேப்பிலை மரத்தோரம் முளைத்தது. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் அண்ணன் மகள் மேக்னா, அத்தையோடு தங்க வந்தபோது மண்ணைக் கிளறிக் காட்டியிருந்தாள். சந்தன வேர் கறிவேப்பிலை வேரை அட்டைபோலக் கவ்வியிருந்தது. இலை பச்சை என்பதால் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும், தண்ணீரையும் உப்புச்சத்தையும் அடுத்த மரத்திடம் உறிஞ்சும் என்றாள்.

இப்போது துளையைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"உள்ள வைரம் பாஞ்சிருக்குதான்னு பாத்திருக்காங்க அத்தை. மறுக்கா வருவாங்க."

அன்றிலிருந்து வெங்கடம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் பைக் மெதுவானால் ஜன்னலுக்கு ஓடினாள். வெட்டித் தொலைக்கலாம் என்றாலும் வனத்துறை அனுமதி வேண்டும்.

மேக்னா கல்லூரிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் கேட்டருகே இரண்டு பேர் நின்றார்கள். சிரித்த முகம். மரத்தை விலைக்குக் கேட்டார்கள். கொடுப்பதில்லை என்றாள். ஒருவன் வீட்டை நிதானமாக நோட்டம் விட்டான்.

"ஒத்தையிலதான் இருக்கறீங்களாட்ட இருக்குதுங்கம்மா?"

வெங்கடம்மாள் உள்பக்கம் திரும்பி, "ஏனுங்க, சித்த வெளிய வாங்க," என்று கூப்பிட்டாள். கணவர் அழகிரிசாமி இறந்து வருடங்களாகிவிட்டன.

அவர்கள் அவசரப்படாமல் வண்டியை எடுத்தார்கள்.

மறுநாளே அத்தையும் மருமகளும் வனத்துறை அலுவலகத்துக்குப் போய், மரத்தை வெட்ட அனுமதி கேட்டு மனுக் கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது கேட் திறந்து கிடந்தது. மரம் இல்லை. சுற்றியிருந்த பட்டறைகளின் இரைச்சலில் ரம்பச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. வீட்டுக்குள் ஒரு சாமானையும் தொடவில்லை.

போலீஸ் வந்து அடிக்கட்டையைப் படம் பிடித்துப் போனது. இனிப் பயமில்லை என்று மேக்னா தேற்றினாள். வெங்கடம்மாளுக்கோ, தாங்கள் கிளம்பியதை எங்கிருந்தோ பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்பதுதான் மனதை விட்டுப் போகவில்லை.

ஐப்பசி மழைக்குப் பிறகு, மண்ணுக்குள் தங்கிய வேரிலிருந்து இளந்தளிர் ஒன்று தலைநீட்டியது. மேக்னாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் கல்லூரிக்குப் போனதும் வெங்கடம்மாள் தெருவின் இருபுறமும் பார்த்தாள். பிறகு குனிந்து, தளிரைக் கிள்ளி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே போனாள்.