காலண்டரில் சிரித்த முதலாளி

சிவகாசியில் ராக்கப்பன் வரையாத தெய்வம் இல்லை. லட்சுமி, முருகன், மயில், கொழுகொழு குழந்தை என்று நாற்பது வருடமாகப் பட்டாசு லேபிளுக்கும் காலண்டருக்கும் வரைகிறார். மாதிரிப் படம் ஒன்று முன்னால் இருந்தால் போதும், உரித்து வைத்தாற்போல வரைந்துவிடுவார். மாதிரி இல்லையென்றால் மனுஷனுக்குக் கை ஓடாது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

முப்பது வருடத்துக்கு முன்னால் ஆனைக்குட்டத்துப் பட்டாசு முதலாளி கோட்டைச்சாமி காலமானார். ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாத மனிதர். அவருடைய ஒரே மகள் கற்பகவல்லி, காலண்டரில் அப்பா படம் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்து, தலைப்பாகை, முறுக்கு மீசை, பெரிய காது என அடையாளம் சொன்னார். சீசன் நெருக்கம். ராக்கப்பன் மூன்று நாள் திருதிருவென்று முழித்தார். நாலாம் நாள் அச்சகத்துப் பழைய காகிதக் கட்டில் ஒரு பாட்டுப் புத்தகம் அகப்பட்டது. 'மாப்பிள்ளை மன்னார்சாமி' என்று, சினிமா பேச ஆரம்பித்த காலத்துச் சிரிப்புப் படம். அட்டையில் காமெடிக்காரர் தலைப்பாகையோடு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மீசையை மட்டும் முறுக்கிவிட்டு, மற்றதை ராக்கப்பன் அப்படியே வரைந்து கொடுத்தார். இளவயசுத் தோற்றம் என்று ஊரும் ஒப்புக்கொண்டது. அன்றிலிருந்து காலண்டரிலும் மத்தாப்புப் பெட்டியிலும் அந்த முகம்தான். ஆயுதபூஜை மாலையும் அதற்குத்தான்.

அந்தச் சினிமாவின் படச்சுருள் எவர் வீட்டுப் பரணில் கிடந்ததோ, போன மாதம் யாரோ யூடியூபில் ஏற்றிவிட்டார்கள். கம்பெனி வேனில் வரும் பெண்கள் அத்தனை பேர் போனிலும் கோட்டைச்சாமி முதலாளி கழுதைக்குப் பயந்து வேட்டி அவிழ ஓடினார். சிரிப்பில் வேனே குலுங்கியது. விஷயம் ராக்கப்பன் காதுக்கும் வந்தது. சம்பாதித்த பேர் போய்விடும் என்பது ஒரு பக்கம். தகப்பனை இழந்து வந்து நின்ற பெண்ணை ஏமாற்றினோமே என்பது இப்போதுதான் உறைத்தது. நேரில் சொல்லிவிடுவோம் என்று பஸ் ஏறினார்.

"வாங்கண்ணே, சாப்பிட்டீகளா?" என்றார் கற்பகவல்லி.

"மொதலாளியம்மா, அந்தப் படம் உங்க அப்பா இல்ல. சினிமாப் புத்தகத்தப் பாத்து வரைஞ்சது. மன்னிச்சிருங்க."

"எங்கப்பா மொகம் எனக்குத் தெரியாதாண்ணே? நீங்க கொண்டாந்த அன்னைக்கே தெரியும்."

ராக்கப்பன் சுவரில் தொங்கிய காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"அவுக ஒரு நாளும் சிரிச்சு நான் பாத்ததில்ல. அம்மா போன பெறகு பேச்சும் கொறஞ்சு போச்சு. படத்துலயாச்சும் சிரிச்சிட்டு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

கற்பகவல்லி போனை மேசையில் சாய்த்து வைத்து, நாற்காலியை ராக்கப்பன் பக்கம் நகர்த்தினார்.

"நாலு தடவ பாத்துட்டேன். உக்காருங்க, இப்ப அப்பா கெணத்துக்குள்ள விழுவாக பாருங்க."