பிரேக்குக்கு ஊற்றிய எண்ணெய்

அந்த ஜீப்பில் நான் முதன்முதலாக வைத்த கால், துருப்பிடித்த அடித்தகட்டைப் பொத்துக்கொண்டு நேராக மண்ணில் போய் நின்றது. மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் பத்து வருடமாகக் கிடந்த வண்டி அது. பட்டாளத்தில் கழித்துப் போட்டதை ஒரு வெள்ளைக்காரச் சாமியார் வாங்கிவந்து ஒரகடம், வல்லக்கோட்டைப் பக்கத்து ஏரிக்கரைகளில் எல்லாம் ஓட்டியிருக்கிறார். நாலு சக்கரமும் இழுக்கும், சேறு மணல் எதுவும் அதற்குப் பொருட்டில்லை என்பார்கள். அவர் சொந்த நாட்டுக்குப் போன பிறகு கோழிகள் குடியேறிவிட்டன. பின்சீட்டில் முட்டை, முன்சீட்டில் குஞ்சு.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தைந்து வயது, கோயில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இயந்திரம் என்று நான் கை வைத்தது ஒரே ஒரு டைம்பீஸ், அதுவும் அதற்குப் பிறகு ஓடவில்லை. பிரசவ வலியெடுத்த பெண்ணைக்கூட மாட்டுவண்டியில் ஏற்றிப் படப்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறதே என்று பங்குச் சாமியார் ஒரு கூட்டத்தில் வருத்தப்பட்டார். உடனே எழுந்து, "அந்த ஜீப்ப நான் சரி பண்ணிடறேன் சாமி" என்றேன். பிரசவ வலியெடுத்தவர்கள்மேல் எனக்கு அப்படியொன்றும் தனி இரக்கம் இல்லை. இந்த ஊரில் படித்தவன் ஒருவன் இருக்கிறான் என்று நாலு பேர் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

மூர் மார்க்கெட்டில் அந்த மாதிரி ஜீப்புக்கான ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் தேடி வாங்கிவந்தேன். மே மாத லீவு முழுக்க அந்தக் கொட்டகைதான். துருவைச் சுரண்டச் சுரண்ட வண்டி மெலிந்துகொண்டே போனது. கழற்றிய நட்டு போல்ட்டையெல்லாம், பிள்ளைகளுக்குக் கோயிலில் கொடுக்கிற பால்பவுடர் டின்களில் போட்டுச் சீட்டு ஒட்டி வைத்தேன். இறுகிப்போன எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, கைப்பிடியைப் போட்டுச் சுற்றியபோது அது முதல்முறை அசைந்தது. அன்றைக்கு நான் சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகவில்லை.

இடது பக்கத்துச் சக்கரங்களில்தான் முதல் அவமானம். நட்டு கழலவே இல்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி ஏறி நின்று மிதித்தேன். இரண்டு போல்ட் முறிந்தன. அப்போது கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "வாத்தியாரே, அந்தப் பக்கத்து மரை தலைகீழு. நீங்க கயட்டல, இறுக்கிகினு கீறீங்க."

அவர் பழைய லாரி டிரைவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சாராயக்கடைகள் திறந்த புதிதில் குடித்துக் குடித்தே வேலையை இழந்தவர். ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில், மனைவியையும் சின்ன மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாதா பீடத்தில் கைவைத்து, இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். நானும் பார்த்தேன். ஜீப் ஓடத் தொடங்கினால் டிரைவர் வேலை அவருக்குத்தான் என்று சாமியார் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் தினமும் வந்து நிற்பார். அந்த வண்டியை நம்பி ஒரு குடும்பம் இருந்தது.

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "புக்குல எல்லாம் போட்டிருக்கு, நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு ரிப்பேர் முடியும்வரை வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிரேக்குக்கு வந்தபோது மாதா திருவிழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. சிறப்பு விருந்தினராக வரும் பெரிய சாமியாரைப் படப்பையிலிருந்து ஜீப்பில் அழைத்துவருவதாகப் பேச்சு. புதுப்பேட்டையில் எல்லாச் சாமானும் வாங்கிய நான் பிரேக் ஆயிலை மறந்துவிட்டேன். அதற்காக மறுபடியும் பட்டணம் போகவேண்டுமா என்ன, எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று எஞ்சின் ஆயிலையே ஊற்றினேன். பெடல் நன்றாகத்தான் இருந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்தேன். வண்டி மைதானத்தைச் சுற்றி வந்தபோது ஊரே கைதட்டியது.

திருவிழாவுக்கு முதல்நாள் மத்தியானம் டிரைவர் அதை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். இறங்கி வந்து, "பெடலு கொஞ்சம் கெட்டியா கீது. பிரேக்குக்கு இன்னா ஊத்தினீங்க?" என்றார்.

"ஊத்தவேண்டியததான் ஊத்தியிருக்கேன்" என்றேன், வெடுக்கென்று.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சாயந்தரம் புத்தகத்தைப் புரட்டினேன். தடித்த எழுத்தில் போட்டிருந்தது: பிரேக்கில் வேறு எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர்கள் ஊதிப்போகும், பிரேக் பிடிக்காது. மூன்று தடவை படித்தேன். இங்கிலீஷ் எனக்கு நன்றாகவே தெரியும், புரியவில்லை என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. சாமியாரின் அறை இருபது தப்படி. டிரைவர் கோயில் வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், வண்டி நின்றுவிடும். ஆனால் வாத்தியார் ஜீப்பைக் கெடுத்துவிட்டார் என்றாகிவிடும். ஒரு நாள்தானே, தாங்கிவிடும் என்று புத்தகத்தை மூடினேன்.

மறுநாள் காலை பத்து மணி. கோயில் வாசலில் பேண்டு வாசிக்கிறார்கள். வெள்ளைச் சட்டை போட்ட சிறுமிகள் இரண்டு வரிசையாகப் பூத்தட்டோடு நிற்கிறார்கள். பெரிய சாமியாரை ஏற்றிக்கொண்டு ஜீப் தோரண வளைவுக்குள் நுழைந்தது. வேகம் குறையவில்லை. டிரைவரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். மிதித்த பெடல் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. சிறுமிகள் வரிசைக்கு இரண்டு முழம் முன்னால் ஸ்டீயரிங்கை ஒடித்தார். ஜீப் நேராகப் போய்க் கொடிமரத்தில் மோதியது. மரம் முறிந்தது. பத்து நாளாகப் பறந்துகொண்டிருந்த மாதா கொடி மண்ணில் விழுந்தது.

ஒருவருக்கும் காயமில்லை. அதை யாரும் பேசவில்லை. கொடி விழுந்துவிட்டது என்பதுதான் பேச்சு. டிரைவரைப் பிடித்து இழுத்து இறக்கினார்கள். அவர் சட்டையை முகர்ந்து பார்த்து ஒருவன், "நாத்தம் வருது பாருங்கடா! திருநாள் அதுவுமா குடிச்சிகீறான்!" என்று கத்தினான். அது நான் அடித்த பெயிண்ட்டின் தின்னர் வாடை. சீட்டில் காயாமல் இருந்தது சட்டையில் ஏறியிருந்தது.

"நான் குடிக்கல. பிரேக்கு இல்ல. மாதா மேல ஆணையா குடிக்கல" என்றார். சத்தியம் செய்தவன் மறுபடி சத்தியம் செய்கிறான் என்று சிரித்தார்கள். அவர் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள். நான் கூட்டத்தில் ஐந்தாவது ஆளாக நின்றுகொண்டிருந்தேன். என்னைத் திரும்பிப் பார்த்து அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. ஊற்றவேண்டியதைத்தான் ஊற்றியதாக நான் சொன்னதை அவர் நம்பியிருந்தார்.

அன்றைக்கே அவர் வேலை போனது. அந்த வாரமே நான் பிரேக்கைப் பிரித்தேன். ரப்பர்கள் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கிடந்தன. அவற்றை ஏரியில் எறிந்துவிட்டுப் புதுப்பேட்டை போய்ப் புது ரப்பரும் சரியான ஆயிலும் வாங்கிவந்து மாட்டினேன். இடித்த வண்டியை வாத்தியார் மறுபடியும் சரி பண்ணிவிட்டார் என்று பாராட்டினார்கள். பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் தாங்க முடியாமல், செய்த பாவத்தைச் சாமியாரிடம் இரகசியமாகச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழங்காலிட்டேன். எண்ணெயைச் சொன்னேன், தின்னரைச் சொன்னேன், முதல்நாள் சாயந்தரம் புத்தகத்தில் படித்ததையும் சொன்னேன். சல்லடைக்கு அந்தப் பக்கம் பங்குச் சாமியார் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "இங்கே கேட்டதை வச்சு நான் ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியாது. நீ வெளியே வந்து இதையே என்கிட்ட சொல்லு. நான் வேப்பமரத்தடியில நிக்கிறேன். சொல்லிட்டு வா, பாவமன்னிப்பு தர்றேன்" என்றார்.

சாமியார்கள் அந்த இரகசியத்தைச் செத்தாலும் வெளியிடக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பாரத்தை இறக்கிவைக்கப் போனேன் என்று சொல்லிக்கொண்டாலும், நடந்ததைக் கண்டுபிடித்துவிடக்கூடிய ஒரே ஆளின் வாயையும் கட்டிவிட்டுத்தான் எழுந்தேன். அவர் வேப்பமரத்தடியில் நின்றார். நான் பக்கவாசல் வழியாகப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு பூசையில் நற்கருணை அப்பம் வாங்கப் போகாமல் இருந்தால் ஊர் கவனிக்கும். அதனால் போனேன். பாவமன்னிப்பு இல்லாமல் அதை வாங்கக்கூடாது. நான் மன்னிப்பு வாங்காதவன் என்று அவருக்குத் தெரியும், ஆனால் தொட்டியில் கேட்டதை வைத்துப் பத்துப் பேர் முன்னால் மறுக்க அவருக்கு அனுமதியில்லை. நான் நாக்கை நீட்டினேன். அவர் என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு அப்பத்தை வைத்தார். அவர் மாற்றலாகிப் போகும்வரை, இரண்டு வருடம், ஞாயிறுதோறும் இப்படித்தான். விடைபெறும்போது எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதாவது சொல்லணுமாப்பா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சாமி, போயிட்டு வாங்க" என்றேன்.

டிரைவர் குடும்பத்தோடு வல்லக்கோட்டை ரோட்டுப் பக்கம் போய், கல்குவாரி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடம் கழித்து ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் எனக்காகக் காத்திருந்தார். தலை நரைத்திருந்தது. மகளுக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது, பையன் அம்பத்தூரில் கம்பெனியில் இருக்கிறான், ஆனால் பெண்ணின் அப்பன் குடிகாரன், குடித்துவிட்டுக் கொடிமரத்தை இடித்தவன் என்று யாரோ அவர்கள் காதில் போட்டுவிட்டார்கள் என்றார்.

"அன்னிக்கி ஊரே வாய்க்கு வந்தத பேசிச்சி. நீங்க ஒருத்தர்தான் என்னப் பத்தி ஒரு வார்த்த பேசல. அத நான் மறக்கல வாத்தியாரே. நீங்க வந்து சொன்னா கேப்பாங்க."

நான் பேசாமல் இருந்ததை அவர் நல்ல குணம் என்று எடுத்துவைத்திருந்தார். எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. வருகிறேன் என்றேன்.

ஞாயிறு மத்தியானம் அவர் வீட்டில் பையனின் அப்பாவும் மாமாவும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் சுவரோரம் நின்றாள். டிரைவரின் மனைவி காபி கொடுத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றாள். இவர் சத்தியத்தை மீறாதவர், நல்ல மனிதர் என்றேன். அதோடு முடித்துக்கொண்டு எழுந்துவிடுவதாகத்தான் எண்ணம்.

"அப்ப வண்டி ஏன் போய் மோதிச்சி?" என்றார் பையனின் அப்பா.

"பழைய வண்டிங்க."

"நீங்க ரிப்பேர் பண்ண வண்டின்னு சொன்னாங்களே. அதுக்கப்பறமும் ரொம்ப வருசம் நல்லா ஓடிச்சாமே? நீங்க பாத்த வண்டியில கோளாறு இருக்குமா சார்?"

என்னைப் புகழ்ந்தால் பழி டிரைவர்மேல் விழுந்தது. வேறு பொய் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. துணிச்சல் ஒன்றும் வந்துவிடவில்லை. "கோளாறு என்னோடது. பிரேக்குல ஊத்தக்கூடாத ஆயில ஊத்திட்டேன். தெரியாம ஊத்திட்டேன். அவர் குடிக்கல. வாடை நான் அடிச்ச பெயிண்ட்டோடது" என்றேன். முதல்நாள் சாயந்தரம் புத்தகத்தில் படித்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

பையனின் அப்பா மாமாவைப் பார்த்தார். "அப்ப ஒண்ணும் பிரச்சன இல்லயே" என்று காபியை எடுத்துக் குடித்தார்.

அடுப்படி வாசலில் நின்ற அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னை அவள் பார்க்கவே இல்லை. புருஷனைத்தான் பார்த்தாள்.

"குடிக்கலன்னு நீ சொன்னியேய்யா. நான் நம்பலயே. தெனம் நீ வூட்டுக்கு வந்தா வாசப்படியிலயே நிக்க வெச்சி வாய ஊது, ஊதுன்னு கேட்டனே. பொண்ணு பாக்கப் பாக்கக் கேட்டனே. நேத்துகூடக் கேட்டனேய்யா."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டிரைவர் எழுந்து போய் மனைவியின் தோளில் கைவைத்தார். வந்தவர்கள் எதிரில் அழுகிறாளே என்ற சங்கடம் அவருக்கு.

"வுடுமே. வாத்தியாரு இன்னா வேணும்னா பண்ணாரு? தெரியாமத்தான ஊத்தினாரு" என்று சொல்லிவிட்டு, ஆமாம் என்று சொல்லச் சொல்வதுபோல என்னைப் பார்த்தார்.

நான் தலையாட்டினேன்.