யார் யாரைப் பிடிப்பது

அமெரிக்காக்காரர் விளையாடும் அந்த ஃபுட்போல் ஆட்டத்தில் ஒன்றைக்கூட என் அப்பா வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் வரப்போகும் ஆட்டத்தில் யார் யாரைப் பிடிப்பார்கள், எந்தப் பக்கம் ஓட்டை விழும், எவன் எவனைத் தூக்கி மணலில் போடுவான் என்று கேட்டுவிட்டால் போதும், சோறு ஆறிப்போகும் வரை சொல்லுவார். மணலில் என்றுதான் சொல்லுவார். அங்கே புல்லில் விளையாடுகிறார்கள் என்று பெரியப்பா எத்தனை தரம் திருத்தியும் அப்பாவின் வாயில் புல் வரவே இல்லை.

பெரியப்பா என்பது அப்பாவின் ஒரே அண்ணன். சண்டைக் காலத்தில் எங்கள் தீவின் ஓலைத்தொடுவாய்க் கரையிலிருந்து படகேறி இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ அலைந்து, கடைசியில் அமெரிக்காவில் ஒரு குளிர் ஊரில் போய் நின்றவர். கலியாணம் கட்டவில்லை. ஒரு பெரிய குளிர்க் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. நான் பிறந்ததெல்லாம் அவர் போன பிறகு. எனக்கு அவர் ஒரு கம்பளித் தொப்பியும், அதற்குக் கீழே அப்பாவின் மூக்கும், போனுக்குள் இருந்து வரும் இருமலும்தான்.

அந்த ஆட்டத்தில் பைத்தியம் பிடித்து அவர் அதைப் பார்க்கத் தொடங்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனால் அங்கே எல்லோரும் அதைப் பற்றித்தான் கதைப்பார்களாம். அது தெரியாதவன் பெட்டியோடு பெட்டியாக ஒரு மூலையில் நிற்க வேண்டியதுதானாம். அதனால் கற்றுக்கொண்டார். கற்ற பிறகு அதைத் தமிழில் கதைக்க ஆளில்லாமல் அவருக்கு வாய் புளித்துப்போயிற்று. ஆகவே தம்பியைப் பிடித்துப் படிப்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊரில் வலை தண்ணீரில் இறங்காது. பூசை முடிந்து வந்ததும் அப்பா கஞ்சி மொறுமொறுக்கும் சட்டையைக் கழற்றாமல் கடற்கரைக்குப் போய், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில் ஏறி உட்காருவார். அங்கே அப்போது சனி இரவு. போனைப் பிடிப்பது நான். கரைவலைக் கயிறு இழுத்துக் காய்த்துப்போன அப்பாவின் விரலுக்கு அந்தக் கண்ணாடி மசியாது. அவர் அழுத்துவார், அது சும்மா இருக்கும். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். வீடியோ கோல் எடுக்கவும், திருப்பிக் காட்டவும், சத்தத்தைக் கூட்டவும் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடத்தான்.

ஆட்டத்தை அப்பா கரைவலையாகவே விளங்கிக்கொண்டிருந்தார். நடுவில் நின்று பந்தை எறிபவன் மண்டாடி. கரையில் நின்று எந்தக் கயிற்றை எப்போது இழுப்பதென்று சொல்லுகிறவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவனுக்கு முன்னால் வரிசையாக நிற்கும் தடியன்கள் கயிற்றுக்காரர். எதிர் வரிசை அவர்களை உடைத்துக்கொண்டு வந்து மண்டாடியை விழுத்தப் பார்க்கும். ஒவ்வொரு தடியனுக்கும் எதிரில் ஒரு தடியன். யார் யாரைப் பிடிப்பது என்பதுதான் முழு ஆட்டமுமே என்று பெரியப்பா சொல்லுவார். பந்தைக் காலால் உதைப்பது எப்போதாவதுதான் என்று தெரிந்த அன்று, பிறகு என்னத்துக்கு அதற்கு அந்தப் பெயர் என்று அப்பா கோபித்துக்கொண்டார். எங்கள் தீவில் நடக்கப் பழகும் முன் உதைக்கப் பழகுவார்கள். அவருடைய கோபம் நியாயமானதுதான்.

பெரியப்பா பச்சைச் சட்டைக்காரரின் ஆள். அப்பாவோ பிடிவாதமாகச் சிவப்புச் சட்டைக்காரரின் பக்கம் நின்றார். சிவப்புக்காரர் அவருக்கு மாமனா மச்சானா என்று அம்மா நக்கலடிப்பார். அப்பா ஒருநாள் அம்மாவுக்குச் சொன்னது என் காதில் விழுந்தது.

"ரெண்டு பேரும் பச்சையெண்டால் கதை அஞ்சு நிமிசத்தில முடிஞ்சிடுமே."

இது என்ன விசர்க் கதை என்றுதான் எனக்குப் பட்டது. நான் பச்சையின் பக்கம்.

அந்த வருடம் பச்சையும் சிவப்பும் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டன. அந்த ஆட்டம் நடந்து இரண்டு நாளில் பெரியப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன். அதை வீட்டில் எவரும் எனக்கு மறைக்கவில்லை. படகு எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவது மாதிரி ஒரு வேலை, அது முடிந்ததும் பெரியப்பா புது ஆளாகிவிடுவார், ஊர்த் திருவிழாவுக்கு வந்துவிடுவார் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஒரு சாய்மனைக் கதிரையும் வாங்கிப் போட்டாயிற்று. அதில் வேறொருவரும் உட்காரக்கூடாது என்று சட்டம்.

ஆனால் அப்பா சரியாகத் தூங்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. பயமாக இருக்கிறதா, பக்கத்தில் யார் இருப்பார்கள், நான் வரவா என்று ஒரு வார்த்தை அண்ணனிடம் கேட்டுவிட வேண்டும் என்று பல கிழமையாக முயன்றுகொண்டிருந்தார். தொடங்குவார். அதற்குள் பெரியப்பா, அதை விடு தம்பி, எங்கட இடப்பக்கத்துப் பெடியனை உங்கட ஆள் எப்படி மறிக்கப்போறான், அதைச் சொல்லு பாப்பம் என்று மடக்கிவிடுவார். அப்பாவும் மடங்கிவிடுவார். கடைசி ஞாயிறு பூசைக்குப் போகும் வழியில் அம்மாவிடம், "இண்டைக்கு எப்பிடியும் கேக்கப்போறன்" என்றார். நேர்ச்சை வைத்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

கோல் எடுத்தோம். பெரியப்பா அன்றைக்குத் தொப்பி போடவில்லை. தலைமயிர் எவ்வளவு கொட்டிவிட்டது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்பா தொண்டையைச் செருமினார்.

"அண்ணை, உந்த ஒப்பரேஷன்..."

"அது கிடக்கட்டும் தம்பி. எங்கட மலையை உங்கட ஆக்களில ஒருத்தன் பிடிச்சு நிப்பானோ? ஒரு ஆளைச் சொல்லு."

மலை என்பது பச்சை அணியின் பெரிய தடியன். அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. குனிந்து காலைப் பிடித்தால் எந்த மலையும் சரியும் என்றார். காலைப் பிடிக்க விதியில்லை என்றார் பெரியப்பா. அப்படியென்றால் இடுப்பை என்றார் அப்பா. வாயால் சொல்லி என்ன பயன், செய்து காட்டு என்றார் பெரியப்பா. அப்பா வள்ளத்திலிருந்து குதித்து இறங்கிவிட்டார்.

பூசை முடிந்து வேலையில்லாமல் கரையில் நின்ற ஆண்கள் எல்லோரும் அன்றைக்கு அமெரிக்காக்காரர் ஆனார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடும், மடித்துக் கட்டிய சாரத்தோடும் எதிரெதிரே இரண்டு வரிசை. பந்துக்கு ஒரு வலை மிதப்பு. கயிற்றின் முதல் ஆளாக நிற்கும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் உண்மையிலேயே ஒரு மலை. அவர் பச்சையின் மலையானார். அவருக்கு எதிரே அப்பா. யாரை எங்கே நிறுத்துவதென்று பெரியப்பா போனுக்குள் இருந்து கத்த, நான் அவர் சொன்ன பக்கமெல்லாம் போனைத் திருப்பிக் காட்டினேன்.

தள்ளு என்றார் பெரியப்பா. எதிரில் நின்றவனின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னுக்குச் சாய்ந்தார்கள். பிறந்ததிலிருந்து கயிறு இழுத்த உடம்புகள். தள்ளச் சொன்னால் எங்கே தள்ளும்? மறுபடியும் சொன்னார். மறுபடியும் இழுத்தார்கள்.

"டேய், உது கரைவலை இல்லையடா! முன்னுக்குத் தள்ளுங்கோவன்!"

சொல்லிவிட்டுப் பெரியப்பா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமலுக்குள்ளும் சிரித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு வரிசையில் நின்றவர்களுக்கும் சிரிப்புப் பிடித்துக்கொண்டது. இழுப்பதுதான் இழுக்கிறோம், முறையாகவே இழுப்போம் என்று ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்தார். வலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லுகிற பாட்டு அது. முழுக் கரையும் சேர்ந்து பாடியது.

திரையில் பெரியப்பாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. கண்கூட இமைக்கவில்லை. லைன் போய்விட்டதாக்கும் என்று நான் போனை உலுக்கினேன்.

"நான் இருக்கிறன் பிள்ளை," என்றார் பெரியப்பா.

பிறகு மெல்ல, எனக்கு மட்டும் கேட்கும்படி, "போனைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பு" என்றார். வரிசையின் இடப்பக்கத்தைக் கேட்கிறார் என்று அங்கே நின்றவர்களைக் காட்டினேன். இன்னும் என்றார். கடைசி ஆளைக் காட்டினேன்.

"இன்னும் அங்கால."

கடைசி ஆளுக்கு அங்கால் ஒன்றும் இல்லை. வெறும் மணல். அடம்பன் கொடி படர்ந்து கிடக்கும் ஒரு மேடு, அதில் இரண்டு காகம். போனை ஒரு கணம் அந்தப் பக்கம் அசைத்துவிட்டு, பெரியப்பாவுக்கு இடம் பிடிபடவில்லை என்று எண்ணி நான் விளங்கப்படுத்தினேன்.

"அங்கால ஒருத்தரும் இல்லை பெரியப்பா. ஆக்களெல்லாம் இஞ்சாலதான் நிக்கினம்."



"ஓம் என்ன," என்றார் அவர். "சரி பிள்ளை, நீ ஆட்டத்தைக் காட்டு."

நான் சட்டென்று திருப்பினேன். நல்ல நேரத்தில்தான் திருப்பினேன். அப்பா மலையின் இடுப்பில் பாய, மலை அப்பாவை அலாக்காகத் தூக்கி மணலில் போட்டது. பெரியப்பா கை தட்டினார். வாயெல்லாம் மணலோடு அப்பா ஓடிவந்து என் தோளுக்கு மேலால் தலையை நீட்டி, திருவிழாவுக்கு வாங்கோ அண்ணை, உங்கட கண்ணுக்கு முன்னால இவரை விழுத்திக் காட்டுறன் என்றார். வாறன், வாறன் என்றார் பெரியப்பா. அத்துடன் கோல் முடிந்தது.

கேட்டீர்களா என்று வீட்டில் அம்மா கேட்டார். அண்ணை நல்லாச் சிரித்துக்கொண்டிருந்தவர், அதைக் கெடுக்க மனம் வரவில்லை, எல்லாம் முடிந்து அடுத்த கிழமை ஆறுதலாகக் கேட்போம் என்றார் அப்பா. சட்டையில் ஒட்டியிருந்த மணலை அம்மா பேசிக்கொண்டே தட்டிவிட்டார்.

திங்கட்கிழமை பச்சைதான் வென்றது. பெரியப்பா போனில் ஒரு குரற்பதிவு அனுப்பியிருந்தார். அதில் பேச்சில்லை, சிரிப்பு மட்டும். அப்பா வலை இழுத்துவிட்டு வந்து அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். அந்தக் கிழமை முடிவதற்குள், பெரியப்பாவோடு குளிர்க் கிடங்கில் வேலை செய்த ஒரு தமிழர் எடுத்து, ஒப்பரேஷனில் பெரியப்பா தப்பவில்லை என்று சொன்னார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரும் போகவில்லை, போக வழியும் இல்லை. இங்கே கோயிலில் அவருடைய படத்தை வைத்துப் பூசை ஒப்புக்கொடுத்தோம். மணலில் சேர்ந்து விழுந்து எழும்பிய அத்தனை பேரும் அதே சட்டைகளோடு வந்திருந்தார்கள்.

அப்பா அதன் பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தை அவரை உள்ளே தின்றது. ஒருநாள் அம்மாவிடம், எவன் எவனைப் பிடிப்பான் என்று வருடக்கணக்காகக் கதைத்தேன், என் அண்ணனை யார் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று கேட்கவில்லையே என்று சொல்லி விம்மினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு அதில் ஆட்டக் கதை மட்டும்தான் விளங்கியது; ஒரு ஆட்டத்தில் தோற்றதற்கு அப்பா இவ்வளவு அழுவாரா என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

பெரியப்பாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்த அன்று பின்னேரம் அப்பா என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். வள்ளத்தில் ஏற்றி உட்காரவைத்து, தான் வரிசையில் நின்ற நேரம் பெரியப்பா என்னோடு ஏதும் கதைத்தாரா என்று கேட்டார். கடைசியாக அண்ணன் சொன்னது ஏதாவது அப்பாவுக்கு வேண்டியிருந்தது.

நான் ஒன்றையும் விடாமல் சொன்னேன். இடப்பக்கம் திருப்பச் சொன்னார், இன்னும் இன்னும் என்றார், அங்கால ஒருத்தரும் இல்லை என்று சொன்னேன், பிறகு ஆட்டத்தைக் காட்டச் சொன்னார். எந்தப் பக்கம் என்று அப்பா கேட்டார். நான் கையை நீட்டி அந்த மேட்டைக் காட்டினேன்.

அப்பாவும் பெரியப்பாவும் பிறந்து வளர்ந்த வீடு அந்த மேட்டில்தான் நின்றது. சண்டையில் அது இடிந்து, கல்லையும் ஓடுகளையும் ஆட்கள் எடுத்துப்போய், மிச்சத்தைக் காற்று மூடிவிட்டிருந்தது. நான் பெரிய பிள்ளையாகி, ஒரு புயலுக்குப் பிறகு அங்கே கிணற்றுக்கட்டின் விளிம்பு வெளியே தெரிந்தபோதுதான் அம்மா எனக்கு அதைச் சொன்னார். போனை இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பிடித்திருந்தால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்று இப்போதும் மனம் கிடந்து அடித்துக்கொள்ளும்.

அன்று அப்பா அந்த மேட்டைப் பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்தார்.

"ஓம் பிள்ளை. அங்க ஒருத்தரும் இல்லைத்தான்."

நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.