விரிசலுக்குக் கண்ணாடி ஒட்டியவன்

மருந்துக் கடைக்காரர் ஊராரின் இருமலை நம்பிப் பிழைக்கிறார். நான் ஊரார் சுவரில் விழும் விரிசலை நம்பிப் பிழைத்தேன். என்னைப் போலவே அடுத்தவர் வீட்டுச் சுவரை வெறித்துப் பார்த்துத் திட்டு வாங்கும் கொத்தனார்களே, ஓவர்சியர்களே, சர்வே சங்கிலி பிடிப்பவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியும், ஆனால் வலிக்காது.

கோலார் தங்க வயலில் தங்கத்தைத் தேடிக் கீழே போகப் போகப் பாறைக்குப் பொறுமை போய்விடும். எங்கோ அடியாழத்தில் அது படாரென்று வெடிக்கும்; மேலே பூமி குலுங்கும். துரைமார் அதற்கு ஏர்பிளாஸ்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள். வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இருந்த நம் ஜனங்கள் உதறல் என்றார்கள். எங்கள் சுரங்கத்தில் தொழிலாளிகளுக்குப் பன்னிரண்டு செங்கல் வீடுகள் கட்ட உத்தரவானபோது, எப்படிக் கட்டினால் உதறலுக்கு நிற்கும் என்று கண்டுபிடிக்கும் வேலை கட்டட என்ஜினீயர் துரைக்கு வந்தது. அளந்து எழுதும் வேலை ரைட்டர் ஏகாம்பரமாகிய எனக்கு வந்தது. அளந்தவனே முதல் வீட்டில் குடியேற வேண்டும் என்று துரை முதல் நாளே சொல்லிவிட்டார். ஆகவே நான் தப்பாக அளந்தால் சுவர் விழப்போவது என் மனைவி செங்கம்மாள் தலையில். அந்த வேலை நடந்த இரண்டு வருஷமும் இந்தப் பயத்தை வயிற்றில் கட்டிக்கொண்டுதான் திரிந்தேன்.

கண்ணாடிக்கு மஞ்சள் குங்குமம்

ஒரு விரிசல் வளர்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. விரல் நீளக் கண்ணாடித் துண்டை விரிசலின் குறுக்கே காரை வைத்து ஒட்டிவிட வேண்டும். விரிசல் மயிரிழை அகன்றாலும் கண்ணாடி உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். ஸ்கெலட்டன் என்கிற பேட்டைப் பக்கத்துப் பழைய லைனில் வீடு வீடாகப் போய் ஒட்டினேன். எதற்கு என்று விளக்கிச் சொன்னேன். எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கண்ணாடிக்கும் மஞ்சள், குங்குமம். ஒரு வீட்டில் சாம்பிராணி வேறு புகைந்துகொண்டிருந்தது. கண்ணாடி வைத்த வீடு உதறலுக்கு விழாது என்று பேச்சுக் கிளம்பி, கண்ணாடி கிடைக்காதவர்கள் என்னை வழிமறிக்கத் தொடங்கினார்கள்.

சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்கும் வின்ச் ஓட்டும் கோவிந்தன் வந்து, தன் வீட்டிலும் விரிசல் விட்டிருப்பதாகச் சொன்னான். போய்ப் பார்த்தேன். நடுச்சுவரில் மேலிருந்து கீழ்வரை நட்டுக்குத்தாக, ஒரே அகலத்தில் ஒரு விரிசல். துரையே நேரில் வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இப்படி ஒரு விரிசல் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று படம் வரைந்துகொண்டார். லண்டனுக்கு எழுதப் போவதாகவும் சொன்னார். அவர் குதிரை ஏறிய பிறகுதான் கதவு மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையும் அதன் நுனியில் ஒட்டியிருந்த சுவர் மண்ணும் என் கண்ணில் பட்டன. கோவிந்தன் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "பக்கத்து வூட்டுக்கு வெச்சிட்டு எங்க வூட்ட வுட்டுட்டீங்களே, எங்க மேல இன்னா கோவம் ரைட்டரே? விரிசல்தானே ஓணும், இதோ கீது, ஒட்டுங்க" என்றான்.

பண்டிகை வந்தது, கணக்கு போனது

நான்கு மாதம் வாரம் தவறாமல் அளந்து, எந்த வீட்டு விரிசல் எவ்வளவு வளர்ந்தது என்று ஒரு பெரிய நோட்டுப் புத்தகம் நிரப்பியிருந்தேன். அப்போது மார்கழி வந்தது. கிறிஸ்தவ வீடுகள் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்தன. மற்ற வீடுகள் பொங்கலுக்கு அடித்தன. நம் ஊரில் அழுக்குச் சுவரோடு பண்டிகை கொண்டாடும் வீடு எது? விரிசலில் சாணமும் மண்ணும் அடைத்து, மேலே மூன்று கை சுண்ணாம்பு அடித்து, லைன் முழுக்கக் கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. என் நோட்டுப் புத்தகத்தில் இருந்த ஒரு விரிசலைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கண்ணாடிகளைத் தூக்கி எறிந்துவிட்டார்களோ என்று பார்த்தால், அதுவும் இல்லை. பத்திரமாகப் பெயர்த்து எடுத்து, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, எல்லா வீட்டிலும் வாசற்காலுக்கு மேலே வரிசையாக ஒட்டி வைத்திருந்தார்கள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்து ஒரு அம்மாள் மோர் கொண்டு வந்து கொடுத்து ஆறுதல் சொன்னாள்: "விரிசல் அசிங்கமா இருந்திச்சி, பூசிட்டோம். கண்ணாடி அழகா இருந்திச்சி, வாசல்ல வெச்சோம். நீங்க ஒட்டுன எடத்துல யாரு கண்ணுக்கும் தெரியல ரைட்டரே."

ஒன்பது கட்டைகள்

உதறலின் பலத்தை அளக்கத் துரை ஒரு கருவி செய்தார். கருவி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தகரக் கொட்டகைக்குள் ஒரு கல்மேடை. அதன்மேல் ஒரே உயரத்தில் ஒன்பது உருளைக் கட்டைகள், ஒல்லியிலிருந்து குண்டு வரை வரிசையாக நிற்கும். சின்ன உதறலுக்கு ஒல்லி விழும். உதறல் பெரிதாக ஆகக் குண்டுகளும் விழும். எது வரைக்கும் விழுந்தது என்று பார்த்து எழுத வேண்டியது என் பொறுப்பு.

ஒரு திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் ஏழு கட்டைகள் விழுந்து கிடந்தன. அவ்வளவு பெரிய உதறலை நாங்கள் அதுவரை கண்டதில்லை. உடனே ரிப்போர்ட் எழுதி ஓட்டமாய்க் கொண்டு போய்க் கொடுத்தேன். துரை பாதிச் சவரத்தோடு சுரங்க ஆபீசுக்குப் பறந்தார். எந்த ஷாஃப்டில், எந்த லெவலில் பாறை வெடித்தது என்று கேட்டு எல்லோரையும் உலுக்கினார். எங்கும் எதுவும் வெடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊரே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது. இரண்டு பேரும் கொட்டகைக்குத் திரும்பி வந்து நின்றபோது, எட்டாவது கட்டைக்குப் பின்னாலிருந்து எங்கள் கொத்து மேஸ்திரி வீட்டுக் கோழி ஒன்று எழுந்து, எங்களைப் பார்த்துக் கொக்கரித்துவிட்டு வெளியே போனது. அது உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு முட்டை. துரை அதைக் கையில் எடுத்துப் பார்த்து, தமக்குத் தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்: "ஏகாம்பரம், இனிமேல் ரிப்போர்ட் கொண்டு வரும் முன்னால் முட்டை இருக்கா, பார்."

தட்டி வீட்டு முனுசாமி

பாறையில் துளை போடும் முனுசாமிக்கு அப்போது மூங்கில் தட்டி வீடு. மண் பூசாத வெறும் தட்டி, மேலே தகரம், அவ்வளவுதான். புது வீட்டுக்கு வர விருப்பமா என்று கேட்டு எழுத அவரிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். செங்கல் வீட்டின் பெருமையை நான் விவரித்துக்கொண்டிருக்கும்போதே பூமி உதறியது. இந்த முறை கோழி இல்லை. நான் வெளியே பாய்ந்து கும்பிட்டபடி நின்றேன். முனுசாமி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

தட்டி வீடு முறத்தில் புடைத்த அரிசி போல ஒரு குலுங்கு குலுங்கிவிட்டுப் பழையபடி நின்றது. எதிரே ஒன்றரை அடிச் செங்கல் சுவர் வைத்துக் கட்டிய சாமான் கிடங்கு இருந்தது. அதன் கூரையைத் தாங்கும் முக்கோணச் சுவர் அப்படியே பிய்ந்து தெருவில் விழுந்தது. விடுமுறையானதால் உள்ளே யாரும் இல்லை. அதே செங்கல், அதே சுண்ணாம்பு, அதே தடிமனில்தான் எங்கள் பன்னிரண்டு வீட்டுக்கும் படம் போட்டிருந்தோம். புழுதி அடங்கியதும் முனுசாமி வெளியே வந்து, கிடங்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என் வூடு வுழுந்தா நான் தூக்கி நிறுத்திக்குவேன் ரைட்டரே. உங்க வூடு வுழுந்தா என்னைத்தான் நாலு பேரு தூக்கணும்" என்றார்.

ஒரு ஜாண்

அதை வார்த்தை மாறாமல் துரையிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், படத்தை நடுவில் கிழித்துப் போட்டார். அதுவரை சுவரைத் தடிமனாக்குவதைப் பற்றியே யோசித்திருந்தோம். தட்டி வீடு நின்றதற்குக் காரணம் பலம் இல்லை, ஒன்றோடு ஒன்று கட்டுண்டு இருந்ததுதான் என்று அன்றைக்குத்தான் எங்கள் மூளைக்கு எட்டியது. ஓட்டுக்குப் பதில் தகரக் கூரை. வாசற்கால் உயரத்தில் நான்கு சுவரையும் சுற்றி ஒரு மரச்சட்டம். மூலைகளில் சட்டமும் சட்டமும் வெட்டிப் பின்னி ஆணி அடிக்க வேண்டும். இதுதான் புதுப் படம். மேஸ்திரி சவரிமுத்துவுக்கு இது பிடிக்கவில்லை. குழந்தைக்கு அரைஞாண் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன், சுவருக்குக் கட்டுவதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

முதல் வீடு, அதாவது என் வீடு, பூச்சு முடிந்ததும் சுற்றி வந்து விரலால் தட்டிப் பார்த்தேன். பின்பக்க மூலையில் மட்டும் சத்தம் வேறாக இருந்தது. பூச்சை உடைத்தால், சட்டம் மூலை வரை வரவேயில்லை. மரம் ஒரு ஜாண் குறைந்திருக்கிறது; இடையில் செங்கல் பொடியை அடைத்துப் பூசிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி கத்தினேன். என் மனைவி அந்த மூலையில்தான் அடுப்பு வைப்பாள் என்றும் சொன்னேன். சவரிமுத்து மூலையைப் பிரித்து, முழு நீளச் சட்டம் கொண்டு வந்து, இரண்டு நாளில் சரியாகப் பின்னி முடித்தார். முடித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இத்தினி வருசமா கட்டறேன், பூசுனதப் பிரிச்சிப் பாத்த மொத ஆளு நீங்கதான். பூமி கூட இப்படிப் பாக்காது ரைட்டரே."

முதல் குடித்தனம்

பன்னிரண்டு வீடும் தயாரான பிறகு ஒருவரும் வரவில்லை. ரைட்டர் முதலில் இருந்து காட்டட்டும் என்று காத்திருந்தார்கள். செங்கம்மாள் பால் காய்ச்சிக் குடிபுகுந்தாள். தினமும் காலையில் தட்டி வீட்டு ஜனங்கள் வந்து, நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவளும் பல் துலக்கிக்கொண்டே, "கீறோம், கீறோம்" என்று பதில் சொல்லி அனுப்புவாள்.

மூன்றாவது வாரம், உச்சி வேளை. நான் கொட்டகையில் இருந்தேன். காலடியில் பூமி நழுவியது. என் கண்ணெதிரே ஒன்பது கட்டைகளும் விழுந்தன. கடைசிக் குண்டுக் கட்டை உருண்டு வந்து என் காலில் இடித்தது. அது விழுந்து நான் பார்த்ததே இல்லை. நோட்டுப் புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். வழியில் பழைய லைனில் இரண்டு சுவர்கள் சாய்ந்து கிடந்தன. ஜனங்கள் தெருவில் நின்று ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் என் அளவுகளையும் என் படிப்பையும் திட்டிக்கொண்டே ஓடினேன். ஆராய்ச்சியும் வேண்டாம், உத்தியோகமும் வேண்டாம், அவள் இருந்தால் போதும் என்று இருந்தது.

வீடு நின்றது. பின்மூலையில் தரையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, மேலே ஏறி, மரச்சட்டத்தைத் தொட்டு, அங்கேயே நின்றுபோயிருந்தது. அதன் கீழே அடுப்பருகில் செங்கம்மாள், புடவையெல்லாம் குழம்பாக, கரண்டியோடு நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் கூடிவிட்ட அத்தனை பேர் எதிரில் அழுதேன். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் இல்லை. துரையும் வந்து சேர்ந்தார். விரிசலை விரலால் தடவிப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். வீட்டைப் பற்றி வீட்டுக்கார அம்மாவின் அபிப்பிராயம் என்ன என்று என்னைக் கேட்கச் சொன்னார். நான் வாயைத் திறக்கும் முன்னே அவளே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்: "செவுரு நின்னுது, அத நான் கொற சொல்லல. மேல் பலகைல இருந்த சட்டி பானை அத்தினியும் கீழ வந்திடிச்சி. செவுத்துக்குச் சுத்தி ஒரு கட்டை அடிச்சீங்களே, பலகை ஓரத்துக்கு ஒரு கட்டை அடிக்கணும்னு இத்தினி பேர்ல ஒருத்தருக்குமா தோணல?"

பன்னிரண்டு வீட்டுப் பலகைக்கும் ஓரச்சட்டம் அடிக்கத் துரை நின்ற இடத்திலேயே உத்தரவு எழுதினார். எங்கள் இரண்டு வருஷ ஆராய்ச்சியில் ஒருவரும் மறுபேச்சுப் பேசாமல் ஒரே நாளில் நிறைவேறிய சிபாரிசு அது ஒன்றுதான்.