வாயு மூலையில் கக்கூஸ்

எங்கள் வீட்டுக்கு வந்த யாரும் வந்த உடனே உட்கார்ந்ததில்லை. அப்பா உட்கார விடமாட்டார். செருப்பைக் கழற்றும்போதே "வாங்க, முதல்ல வீட்டப் பாருங்க" என்று கிளப்பிவிடுவார். அம்மா போட்டு வைத்த காப்பி ஆறிக் கிடக்கும். கேஸ் சிலிண்டர் போட வந்தவனைக்கூட மாடி வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார்.

திண்டுக்கல்லில் பழனி ரோட்டுப் பக்கம், தொண்ணூறுகளின் நடுவில் கட்டிய வீடு. மொட்டை மாடியில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். அப்பா வெங்காயக் கமிஷன் மண்டி வைத்திருந்தார். அதற்கு முன்னால் நாங்கள் இருந்தது வரிசை வீடு. எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ், காலையில் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். அங்கிருந்து வந்த மனுஷன் சொந்த வீட்டைச் சுற்றிக் காட்டுவதில் தப்பு ஒன்றும் இல்லை. நானே ஆரம்பத்தில் அவர் பின்னாலேயே லைட் போட்டுக்கொண்டு போவேன்.

கிழக்கு பார்த்த வாசல். உள்ளே நுழைந்தால் நீளமான ஹால், மொசைக் தரை. ஹாலின் நடுவிலிருந்து மாடிக்குப் படி ஏறும், தேக்குக் கைப்பிடியோடு. நுழைந்ததும் இடது கைப் பக்கம் அடுப்படி. வலது கைப் பக்கம், வடகிழக்கு மூலையில், அம்மாவின் அறை. அம்மாவுக்குச் சின்ன வயசிலேயே முட்டி வாதம் வந்துவிட்டது. குத்தவைத்து உட்கார முடியாது. அதனால் அந்த அறைக்குள்ளேயே பாத்ரூம் கட்டி, நாற்காலி மாதிரி உட்காருகிற வெஸ்டர்ன் கோப்பை வைத்திருந்தோம். பக்கத்துச் சுவரில் பிடித்து எழுந்திருக்க ஓர் இரும்புக் கம்பி. கம்பியை அம்மா கொத்தனாரிடம் தானே கேட்டு வாங்கினாள். அத்தனை பெரிய வீட்டில் அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

அப்பா அந்தப் பாத்ரூமையும் காட்டுவார். "எங்க வீட்டம்மாவுக்காகப் போட்டது. மதுரையிலருந்து எறக்குனேன்" என்று சொல்லித் தண்ணீரை இழுத்துவிட்டுக் காட்டுவார். வந்த பொம்பளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

"அதப் போயி ஊருக்கெல்லாம் காட்டணுமாக்கும்" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள்.

"காசு போட்டவன் காட்டத்தாண்டி செய்வான்."

மாடியில் மூன்று அறைகள். தென்மேற்கு மூலையில் இருந்ததுதான் வீட்டிலேயே பெரியது. யாரும் அதில் படுத்ததில்லை. காட்டுவதற்கென்றே ஒரு கட்டிலைப் போட்டு மெத்தை விரித்து வைத்திருந்தார்.

என்னை வேடசந்தூரில் கட்டிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே வெங்காய விலை விழுந்தது. மூட்டை மூட்டையாக மண்டியில் முளைவிட்டது. அப்பா தூங்காமல் கிடந்தார். அப்போதுதான் யாரோ ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தார்கள். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ஒரு திசைகாட்டி. அன்றைக்கு நான் பிறந்த வீட்டில் இருந்தேன். அப்பா வழக்கம்போல வீட்டைச் சுற்றிக் காட்டினார். ஆனால் அன்று அவர் பேசவில்லை. வந்தவர்தான் பேசினார்.

"ஏனுங்க, ஈசானி மூலையில போயி கக்கூஸ வெச்சிருக்கீங்களே. சாமி உக்கார்ற எடமுங்க. அப்பறம் எப்பிடிங்க யாவாரம் நிக்கும்?"

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. பெருமையாகத் தண்ணீர் இழுத்துவிட்டுக் காட்டிய இடம் அது.

வாஸ்துக்காரர் மேலே போனார், கீழே வந்தார். ஹாலின் நடுவில் படிக்கட்டு இருந்தால் வீட்டின் நெஞ்சில் கால் வைத்து ஏறுகிற மாதிரியாம். அதை எடுத்துவிட்டுப் பின்பக்கம் வெளியே போட வேண்டும். கக்கூஸ் போக வேண்டிய இடம் வாயு மூலை, அதாவது வடமேற்கு. வீட்டுக்குள்ளே கூடாது, கொல்லைக் கோடியில். குடும்பத் தலைவனும் தலைவியும் மாடியில் தென்மேற்கு அறையில்தான் படுக்க வேண்டும். அதுதான் கன்னி மூலை.

"அவளுக்கு முட்டி முடியாதுங்களே" என்றார் அப்பா. சொன்னார். அதை மறைக்க மாட்டேன்.

"காலு வலிக்குதுன்னு கன்னி மூலைய விட்டுட்டீங்கன்னா குடும்பமே நொண்டுமுங்க."

அவ்வளவுதான். அப்பா அதற்குப் பிறகு மறுபேச்சுப் பேசவில்லை. வாஸ்துக்காரன் சொன்னான் என்றால் அவன் பிழைப்பு அது. அம்மா ராத்திரி எழுந்திருக்க வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியும். எனக்குக் கோபம் அப்பா மேல்தான்.

இடித்தார்கள். வெஸ்டர்ன் கோப்பையைப் பெயர்த்துக் கொல்லையில் போட்டார்கள். ரொம்ப நாள் அதில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அந்த இடம் பூஜை அறை ஆயிற்று. அம்மா கேட்டு வாங்கிய இரும்புக் கம்பி மட்டும் சுவரில் அப்படியே இருந்தது. அப்பா அதில் மணியைத் தொங்கவிட்டார். கொல்லைக் கோடியில் புதுக் கக்கூஸ் வந்தது, அம்மாவுக்காக நடுவில் ஓட்டை போட்ட ஒரு நாற்காலியோடு. பின்பக்கம் சிமெண்டுப் படிக்கட்டு வந்தது. இடம் பற்றாமல் செங்குத்தாகக் கட்டினார்கள். மழைக்கு மறைப்புக் கிடையாது. மாடி அறையில் படுத்திருக்கிறவள் கக்கூஸ் போக வேண்டுமென்றால் பின்கதவைத் திறந்து, அந்தப் படியில் இறங்கி, துவைக்கிற கல்லைத் தாண்டி, கொல்லைக் கோடிக்குப் போய்விட்டுத் திரும்ப ஏற வேண்டும்.

நான் வந்து பார்த்துவிட்டுச் சண்டை போட்டேன்.

"நீ வாக்கப்பட்டுப் போனவ. உங்க வீட்டுச் சுவத்த வேணா இடி, கட்டு. இங்க வந்து பேசாத" என்றார் அப்பா.

"அம்மா கீழ ஹால்லயே படுத்துக்கிடட்டுமே."

"அவ கன்னி மூலைய விட்டு எறங்குனா வீடு எறங்கும்."

அந்த வருஷம் ஐப்பசி மழையில் வெளியூர்ச் சரக்கெல்லாம் அழுகி, இங்கே வெங்காயம் விலை ஏறிவிட்டது. எல்லா மண்டிக்காரனுக்கும் நல்ல வருஷம். இடிக்காதவனுக்கும்தான். ஆனால் அப்பா படிக்கட்டைக் காட்டிக் காட்டிச் சொன்னார், "இது போட்ட நேரம்." அதன் பிறகு அம்மாவே வாயை மூடிக்கொண்டாள். நான் தனியாகக் கேட்டதற்கு, "நான் கீழ எறங்கிப் படுத்து, நாளைக்கு மண்டி படுத்துச்சுன்னா என் தலையில விடியுமாத்தா" என்றாள்.

மெடிக்கல் கடையில் ஒரு பெட்பேன் வாங்கிக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அடுத்த தடவை போனபோது அது கொல்லையில் பழைய கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. கன்னி மூலையில் அசுத்தம் வைக்கக் கூடாதாம்.

ஒரு முழுப் பரீட்சை லீவுக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கினேன். திண்டுக்கல் வெயில் தெரியும். தரையில் கால் வைக்க முடியாது, ராத்திரியிலும் சுவர் சுடும். அம்மாவுக்குக் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் ஒரு எவர்சில்வர் சொம்பு நிறையத் தண்ணீர் வைப்பேன். காலையில் எடுக்கப் போனால் நிறைய இருக்கும். மறுநாளும் நிறைய. நான் புதுத் தண்ணீர் மாற்றி வைத்துக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் பகலில் அவளைக் கவனித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. சாயங்காலம் எல்லோருக்கும் காப்பி ஆற்றிக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் நாக்கை நனைக்கவில்லை.

"ஏம்மா?"

"குடிச்சா எறங்கணும்ல."

"தாகமா இல்லையா?"

"பழகிருச்சு. ரம்சானுக்குப் பாய் வீட்டுக்காரங்க நோம்பு இருக்கலையா?" என்று சிரித்தாள். உதடு வெடித்திருந்தது.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ராத்திரி தண்ணி குடிக்கலைன்னா யாரும் செத்துப்போக மாட்டாங்க" என்றார்.

முட்டி வலிக்குக் கடையில் வாங்கிய வலி மாத்திரை ஒரு பக்கம். தண்ணீர் இல்லாத உடம்பு ஒரு பக்கம். முதலில் நீர்க்கடுப்பு வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை, வெந்தயத்தை விழுங்கிவிட்டுக் கிடந்தாள். அப்புறம் அடிக்கடி காய்ச்சல். ஒரு கார்த்திகை மாதம் முகமும் காலும் வீங்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "தண்ணியே குடிக்கிறதில்லையாம்மா? கிட்னி சுருங்கிப் போச்சே" என்றார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஃபேனைப் பார்த்தார்.

அன்றைக்கு வராந்தாவில் வைத்து அப்பாவின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவரும் பயந்துதான் போயிருந்தார். மாடி அறையை ஒட்டியே பாத்ரூம் கட்டுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். கொத்தனாரைப் பார்த்தார். அதோடு விட்டிருந்தால் சரி. வாஸ்துக்காரரைக் கேட்டார். அவர், மார்கழி வருது, மார்கழியில் வேலை தொடங்கக் கூடாது, தை பிறக்கட்டும் என்றார். அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்து அதே கன்னி மூலையில் படுக்க வைத்தார்கள். நான் கூடவே இருந்தேன். பெட்பேனைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தேன். இந்தத் தடவை அதை யாரும் தூக்கிப் போடவில்லை. ஆனால் அதற்குள் அம்மாவுக்கு நீர் பிரிவதே நின்றுபோயிருந்தது.

மார்கழி முடிவதற்குள் முடிந்துவிட்டது.

கேதம் கேட்க வந்தவர்கள் ஹாலில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா நாற்காலியில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். அழுதார். பொய் அழுகை இல்லை. அப்புறம் ஊரிலிருந்து அவருடைய அக்கா, என் பெரிய அத்தை, அவள் வீட்டு ஆட்களோடு வந்தாள். கட்டிப்பிடித்து அழுது முடித்து மூக்கைச் சிந்தினார்கள். அப்பா எழுந்தார்.

"நீங்க மாத்திக் கட்டுனதுக்கு அப்பறம் வரலைல்ல? வாங்க, பாருங்க" என்றார்.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. கேதத்துக்கு வந்தவர்கள் முழித்தார்கள். ஆனால் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் கூப்பிடும்போது என்ன சொல்வது? எழுந்து பின்னால் போனார்கள். நானும் போனேன். பூஜை அறையைக் காட்டினார். மணியைக் காட்டினார். பின்பக்கம் கூட்டிப்போய்ப் படி ஏற்றினார். அத்தை கனத்த உடம்பு, சர்க்கரைக்காரி. மூச்சு வாங்க ஏறி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அப்பா ஜன்னலைத் திறந்து, "கன்னி மூலை. காத்து எப்பிடி வருது பாத்தீங்களா" என்றார்.

"காத்து வருது. எனக்கு அவசரமாவும் வருது. ஏத்தா, பாத்ரூமு எங்குட்டு?" என்று அத்தை என்னிடம் கேட்டாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர்தானே வீட்டைக் காட்டுகிறவர். காட்டட்டும்.

"கீழ போகணும்க்கா" என்றார்.

"இப்பத்தானப்பா ஏறுனேன். கீழன்னா?"

"கொல்லையில. வாயு மூலையில."

அத்தை எழுந்து பின்கதவுக்கு வந்து படியைப் பார்த்தாள். கீழே கொல்லைக் கோடியைப் பார்த்தாள். திரும்பி அறையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் சர்க்கரையோடு மாரடிக்கிறவளுக்குப் புரியாமல் இருக்குமா?

"ஏன்டா, அந்த முட்டிய வச்சிக்கிட்டு அவ இதுலயாடா எறங்குனா?"

நான் சொன்னேன், "எறங்கலத்தே. தண்ணி குடிக்கிறத நிப்பாட்டிட்டாங்க."

அத்தையை நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினாள். பாதியில் அவளுக்கு அடக்க முடியாமல் சேலை நனைந்துவிட்டது. மேலே நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சனியன் புடிச்ச வீடு" என்று அவள் அழுதாள். அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட அழுகையில் எனக்கு அதுதான் மனசில் நிற்கிறது.

தை பிறந்தது. பாத்ரூம் கட்டவில்லை. யாருக்காகக் கட்டுவது?

சில வருஷம் கழித்து அப்பாவுக்குச் சர்க்கரை வந்தது. ராத்திரி பல தடவை எழுந்திருக்க வேண்டியிருந்தது. போனில் சொன்னார். அடுத்த முறை நான் போவதற்குள் மாடி அறையை ஒட்டிப் பாத்ரூம் வந்துவிட்டது. வெள்ளை டைல்ஸ், வெஸ்டர்ன் கோப்பை, பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி. ஆடி மாதம் கட்டியது. கதவுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு அடித்திருந்தது.

என்னோடு என் மாமியாரும் வந்திருந்தார். அப்பா சுற்றிக் காட்டினார். தண்ணீரை இழுத்துவிட்டுக் காட்டினார்.

"கன்னி மூலையில கக்கூஸ் ஆகாதும்பாங்களே சம்மந்தி?" என்றார் மாமியார்.

"தோசம்தான். அதுக்குத்தான் இந்தத் தகடு. அடிச்சிட்டா ஒண்ணும் செய்யாது. வாஸ்துக்காரரே குடுத்தாரு."

நான் தகட்டைப் பார்த்தேன். நாலு ஆணி. கால் மணி நேர வேலை.

"இது அப்ப இல்லையாப்பா?"

அவருக்கு எந்த அப்போது என்று தெரியும். "அப்ப அவரு இதச் சொல்லலத்தா" என்றார்.

"நீங்க கேட்டீங்களா?"

மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா கட்டிலில் உட்கார்ந்து முட்டியைத் தடவினார்.

"கேக்கல" என்றார்.

கட்டில் பக்கத்து ஸ்டூலில் அம்மாவின் எவர்சில்வர் சொம்பு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். காலி. கீழே கொண்டுபோய் நிரப்பி வந்து வைத்தேன். வைக்க மனசே இல்லை. ஆனாலும் வைத்தேன். ராத்திரி நன்றாகக் குடிப்பார்.