மாஸ்க்கை இறக்கிய டாக்டரம்மா

மாட்டுங்காவில் என் மகளுக்குப் பல்லில் கம்பி போட்ட டாக்டரம்மா, வாசலில் நின்று பேசும்போதுகூட மாஸ்க்கை எடுக்க மாட்டார்.

அன்று கண்ணாடியை மகளிடம் நீட்டினார். "கம்பியைச் சுத்தி வெள்ளைத் திட்டு பாரு. எனாமல் கரையறது."

"தேச்சுட்டுத்தான் வந்தா டாக்டர்," என்றேன்.

"இங்க வர அன்னிக்கு மட்டும் தேய்க்கறா. இப்படியே போனா கம்பியைக் கழட்டிடுவேன். பல் கோணலாவே இருக்கட்டும்."

மகளின் கண்கள் நிறைந்தன. டாக்டரம்மா சட்டென்று எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மாஸ்க்கை இறக்கினார். "உன் வயசுல நானும் கம்பி போட்டுண்டேன். ஒழுங்காத் தேய்க்கலை. நன்னாப் பாத்துக்கோ."

அன்றிலிருந்து ராத்திரி நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. என்ன பார்த்தாய் என்று கேட்டால், "அவங்க பல்லுதாம்மா," என்று பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.